பந்துக்குக் காற்றடிக்கப் போனோம்

மூன்றாம் நாள் காலை ஏழே முக்கால் மணி. வேலியோரம் பிள்ளைகள் வந்து நிற்கத் தொடங்கிவிட்டார்கள். என் மடியில் ஒரு பந்து, கையில் பம்ப். ஊசியின் ஒரு பாதி பம்பின் நுனியில் இருக்கிறது, மறு பாதி பந்தின் வால்வுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. முந்தின இரவே அடித்து வைத்திருக்க வேண்டிய காற்று. அலுப்பில், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். கொண்டுபோன இரண்டு ஊசிகளில் ஒன்று முதல் நாளே புல்லுக்குள் தொலைந்து போயிருந்தது.

12 பேர், நான்கு மாத ஆயத்தம், உபவாச ஜெபம், வழியனுப்பு ஆராதனை எல்லாம் முடித்து, பிள்ளைகளின் ஐந்து நாள் விளையாட்டு முகாமுக்காக எங்கள் சபையிலிருந்து கடல் கடந்து போனவர்கள் நாங்கள். அன்று காலை 80 பிள்ளைகளுக்கு முன்னால், ஒரு விரல் நீளம்கூட இல்லாத ஊசிக்காகக் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம்.

எனக்கும் விளையாட்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஞாயிறு பள்ளியில் பல வருடம் பாடம் எடுத்த பழக்கத்தில், "சின்னப் பிள்ளைகளைச் சமாளிக்க ஒரு டீச்சர் வேண்டும்" என்று போதகர் கேட்டபோது கையைத் தூக்கிவிட்டேன். குழுவில் விஷயம் தெரிந்தவர் என்றால் பணி ஓய்வு பெற்ற பி.டி. சார் ஒருவர்தான். மற்றவர்கள் வாலிபர் கூட்டத்துத் தம்பி, தங்கைகள். அவர்களுக்குப் பந்து ஆடத் தெரியும், ஆட வைக்கத் தெரியாது. இரண்டும் வேறு வேறு வேலை.

எந்த நாடு, எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. அந்தப் பிள்ளைகள் இன்னார் என்று யாரும் தேடிக் கண்டுபிடிக்க இது வழியாகிவிடக் கூடாது.

முதல் தப்பு விமானம் ஏறுவதற்கு முன்பே நடந்துவிட்டது. ஐந்து நாளுக்கும் மணிக்கணக்காக அட்டவணை போட்டு, வண்ணத்தில் அச்செடுத்து, அங்குள்ள சபைக்கு அனுப்பி, "ஏதாவது மாற்ற வேண்டுமா?" என்று கேட்டோம். முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கடைசியில் கேட்டோம். அங்கே பொறுப்பிலிருந்த அக்கா மரியாதையாகப் பதில் போட்டார். அவர்கள் சபை வாலிபர்கள் வாரத்தில் மூன்று மாலை பிள்ளைகளுக்கு ஏற்கெனவே கால்பந்து சொல்லித் தருகிறார்கள். விடுமுறையில் கூட்டம் இரட்டிப்பாகும், அப்போது ஆள் போதாது. சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற பந்து இல்லை. அவ்வளவுதான் கடிதம். பயிற்சியாளர்களாகப் போய் இறங்கலாம் என்று நாங்கள் வளர்த்து வைத்திருந்த நினைப்புக்கு அதில் இடமே இல்லை.

சார் அதை வாசித்துவிட்டு எங்கள் அட்டவணையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "டீச்சர், இது அவங்க முகாம். நாம போறது எடுபிடி வேலைக்கு. அந்த நினைப்போட போவோம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வழியனுப்பு ஆராதனையில் சாட்சி சொல்லும்போது எடுபிடி என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை.

காகித வேலையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சம்பளம் வாங்காமல் செய்கிற தொண்டும் ஊழியமும் பல நாடுகளில் சுற்றுலா விசாவுக்குள் வராது. அழைப்புக் கடிதத்தில் செய்யப்போவதை உள்ளபடி எழுதி, அதற்குரிய விசாவைத்தான் கேட்க வேண்டும். அதிகாரியிடம் "ஊர் சுற்ற வந்தோம்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் பிள்ளைகளுக்கு உண்மை பேசுவதைப் பற்றிக் கதை சொன்னால் அது என்ன ஊழியம்? அடுத்தது தடுப்பூசி. மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்கிற நாடாக இருந்தால், ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் அந்தச் சான்றிதழ் செல்லும். 2016-க்குப் பிறகு அது ஆயுளுக்கும் செல்லும் என்பதால் முன்கூட்டியே போட்டுக்கொள்வதில் நஷ்டமில்லை. எங்கள் தம்பி ஒருவர் பயணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது போட்டுக்கொண்டு, தனியாக டிக்கெட் மாற்றி, முகாம் தொடங்கிய பிறகு வந்து சேர்ந்தார்.

பந்து வாங்குவதிலும் சார்தான் எங்களைக் காப்பாற்றினார். நாங்கள் எல்லாமே 5-ஆம் எண் பந்தாக எழுதி வைத்திருந்தோம். அது பெரியவர்கள் ஆடுவது. சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம். ஏழு வயதுப் பிள்ளை அதை ஓங்கி உதைத்தால் பந்து போகாது, பிள்ளைதான் காலைப் பிடித்துக்கொண்டு உட்காரும். எட்டு வயதுக்குக் கீழே 3-ஆம் எண், அதற்கு மேல் 12 வரை 4-ஆம் எண் என்று சார் பட்டியலைத் திருத்தினார். கூடைப்பந்திலும் இதே கதைதான். பெரியவர்களுக்கு வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும், சிறுவர்களுக்கான மினி ஆட்டத்தில் 2.60 மீட்டர். எட்டாத வளையத்துக்குக் கீழே பத்து தடவை எறிந்து பார்த்த பிள்ளை பதினோராம் தடவை எறியாது. காற்றை முழுக்க இறக்கி, ஒவ்வொரு பந்தையும் கிண்ணம் மாதிரி அமுக்கி ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் 24 பந்தும் இரண்டு பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. ஊசியைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

முதல் நாளைப் பற்றி எழுத இன்னமும் கூச்சமாக இருக்கிறது.

வரவேற்புரை என்னுடையது. ஏழு நிமிடத்துக்குத் தயார் செய்திருந்தேன், மொழிபெயர்ப்பு சேர்ந்தால் அது பதினான்கு ஆகும் என்று கணக்குப் போடவில்லை. வெயிலில் நின்ற பிள்ளைகள் நாலாம் நிமிடத்திலேயே ஒருவர் முதுகில் ஒருவர் சாய ஆரம்பித்தார்கள். அது முடிந்ததும், பந்தால் அடிபட்டவர் வெளியேற வேண்டிய ஒரு ஆட்டம். முதல் பந்து போய் விழுந்தது மஞ்சள் சட்டை போட்ட ஒரு சின்னப் பெண் மேல். ஆறு வயதுகூட இருக்காது. வெளியே போய் உட்கார்ந்தாள். ஆட்டம் இருபது நிமிடம் நடந்தது. கடைசி வரை நின்று கைதட்டு வாங்கியது, எந்த மைதானத்திலும் ஜெயிக்கக்கூடிய வாட்டசாட்டமான இரண்டு பையன்கள். அந்தப் பெண் இருபது நிமிடமும் மண்ணில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். விளையாடப் பழக வேண்டிய பிள்ளையை முதலில் உட்கார வைத்தோம், பழக்கமே தேவைப்படாதவர்களுக்கு முழு நேரத்தையும் கொடுத்தோம்.

அன்று சாயங்காலம் சார் என்னைத் திட்டவில்லை. ஒரு காகிதத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். ஒரு பிள்ளை பந்தைத் தொடாமல் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் ஆட்டத்தை மாற்று. வரிசையில் நாலு பேருக்கு மேல் நின்றால் வரிசையை உடை. நாங்கள் அங்கே கற்ற பயிற்சி முறை முழுக்க அந்த இரண்டு வரிதான். மறுநாள் அதே ஆட்டத்தில், அடிபட்டவர் வெளியே போக வேண்டாம், எதிர் அணிக்குப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று ஆக்கினோம். மஞ்சள் சட்டை ஐந்து தடவை அணி மாறினாள். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே ஓடினாள்.

மைதானத்தை நாலாகப் பிரித்துக் கோன் வைத்தோம். வயதுவாரியாக நாலு குழு, ஒவ்வொரு இடத்திலும் 20 நிமிடம். விசில் ஊதினால் முதலில் தண்ணீர், பிறகுதான் அடுத்த இடம். தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்று விட்டால் ஆடுகிற பிள்ளை குடிக்காது. தலைவலி, கிறக்கம், குமட்டல் என்று ஒரு பிள்ளை சொன்னால் அப்போதே நிழல்தான், "இன்னும் அஞ்சு நிமிஷம்" எல்லாம் கிடையாது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்த கரைசல் எப்போதும் தயாராக இருந்தது. இடி கேட்டால் எல்லோரும் கட்டடத்துக்குள் ஓட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் மைதானம் பக்கம் போகக் கூடாது. அது ஒரு நாள் பயன்பட்டது.

மொழிபெயர்த்தது அந்தச் சபையின் வாலிபப் பெண் ஒருத்தி. இரண்டாம் நாள் மதியம் என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, நீங்க சொல்றதுல பாதிய நான் விட்டுடறேன், கோவிச்சுக்காதீங்க" என்றாள். கோபப்பட என்ன இருக்கிறது? அவள் வெட்டிய பாதி வெட்ட வேண்டிய பாதிதான். அதற்குப் பிறகு ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியம் என்று வைத்துக்கொண்டேன். விளையாட்டு விதியை வாயால் சொல்வதையே நிறுத்திவிட்டோம். இரண்டு தம்பிகள் முன்னால் வந்து ஆடிக் காட்டுவார்கள், ஒருவர் வேண்டுமென்றே தப்பாக ஆடுவார், பிள்ளைகள் கத்துவார்கள். விதி புரிந்துவிட்டது என்று அர்த்தம். பிள்ளைகளின் பெயரை மட்டும் அவளிடம் கேட்டு, என் எழுத்தில் எழுதி, ராத்திரி உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். அந்த ஐந்து நாளில் நான் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஊசிக்கு வருகிறேன். நான் திகைத்து நின்றபோது பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவன் வந்து பந்தை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டான். முழங்கால் இரண்டுக்கும் நடுவில் வைத்து அமுக்கினான். வால்வு லேசாகப் பிதுங்கியது. என் பையிலிருந்த நகவெட்டியைச் சைகையால் கேட்டு வாங்கி, அதன் வாயால் உடைந்த துண்டைக் கவ்வி இழுத்து வெளியே போட்டான். பிறகு ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினான். அதுவரை சார் பந்தே இல்லாமல், இரண்டு பேர் கைகோத்துத் துரத்திப் பிடிக்கிற ஆட்டமாக நடத்திக்கொண்டிருந்தார். பையன் திரும்பி வந்தபோது அவன் கையில் சாவிக்கொத்து. சாவிகளோடு சேர்த்துக் கயிற்றில் கட்டிய ஒரு ஊசி. அதை நாக்கில் வைத்து ஈரமாக்கி, கொஞ்சமும் சாய்க்காமல் நேராகச் செருகினான். பிறகு என்னைப் பார்த்து, ஊசியைக் காய்ந்தபடி குத்துவதுபோல் நடித்துத் தலையை ஆட்டினான், சாய்த்துக் குத்துவதுபோல் நடித்து இன்னொரு தடவை ஆட்டினான். காய்ந்த ஊசி வால்வைக் கிழிக்கும், சாய்ந்த ஊசி உடையும். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சாவிக்கொத்தில் ஊசி கட்டி வைத்திருக்கிற ஊருக்குத்தான் நாங்கள் விளையாட்டு சொல்லித்தரப் போயிருந்தோம்.

அன்று இரவு சார் பழைய கதைகளைச் சொன்னார். கூடைப்பந்தை 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் படித்தவர், ஒய்.எம்.சி.ஏ. என்கிற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். முதல் ஆட்டத்துக்கு அவரிடம் இருந்தது பீச் பழக்கூடை இரண்டு. கைப்பந்தை 1895-இல் உண்டாக்கிய வில்லியம் மார்கனும் ஒய்.எம்.சி.ஏ. ஆள்தான். நான் அதிகம் யோசித்தது எரிக் லிடெல் பற்றி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஓட மறுத்து, 400 மீட்டரில் தங்கம் வாங்கியவர். எல்லோரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வருடமே மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார். போர்க்காலத்தில் ஜப்பானியர் அவரை வெய்ஹ்சியென் முகாமில் அடைத்தார்கள். அங்கே அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடத்த மாட்டார். நடுவர் இல்லாமல் பிள்ளைகள் தாங்களே ஆடி அடிதடியில் முடிந்தபோது, ஒலிம்பிக்குக்குத் தளராத அந்தக் கொள்கையை அவர்களுக்காகத் தளர்த்தி, ஞாயிறன்று விசிலோடு வந்து நின்றார். 1945 பிப்ரவரியில் அந்த முகாமிலேயே மூளைக் கட்டியால் இறந்தார். பதக்கக் கதையை நானே ஞாயிறு பள்ளியில் பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். விசில் கதையை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

மறுநாள் எனக்கே விசில் கொடுத்தார்கள். ஆஃப்சைடு எதுவென்று எனக்குத் தெரியாது, நல்லவேளையாகச் சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் அதை வைக்கவில்லை. நாலாம் நிமிடத்தில் இரண்டு பையன்கள் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். ஒருவன் எழுந்து ஓடினான். இன்னொருவன் எழுந்து ஒரு கணம் வேறு திசையில் நடந்தான். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. சார் மறுகோடியிலிருந்து ஓடி வந்து அவனை வெளியே கூட்டிப்போனார். மோதலுக்குப் பிறகு ஒரு நொடி குழம்பினாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, மருத்துவர் பார்க்காமல் திரும்ப ஆடக் கூடாது. ரத்தம் வந்ததா, வீங்கியதா என்பது கணக்கில்லை. பையன் அழுதான், அவன் அணி எங்களைத் திட்டியது, அவனுடைய அம்மாவைக் கூப்பிட்டு வரச் சொல்லி விவரம் சொன்னோம். அந்த மாலை எங்களை யாருக்கும் பிடிக்கவில்லை. "பிள்ளைக்குப் பிடிச்ச மாஸ்டரா இருக்கணும்னு ஆசைப்பட்டா இந்த வேலைக்கே வரக் கூடாது" என்றார் சார்.

பாதுகாப்பு விதிகளை ஆரம்பத்தில் நான் வெறும் சடங்கு என்று நினைத்திருந்தேன். போவதற்கு முன் ஒவ்வொருவரும் காவல் துறைச் சான்றிதழ் கொடுத்து உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டோம். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது. கழிப்பறைக்குக் கூட்டிப்போவது அந்த ஊர்ப் பெண்கள் இருவர்தான். பெற்றோர் அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது, பிள்ளைகளிடம் கைபேசி எண் வாங்கவோ கொடுக்கவோ கூடாது. ஒரு பிள்ளை வீட்டு ரகசியம் சொல்ல வந்தால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யக் கூடாது. இந்தக் கடைசி விதி எதற்கு என்று நான்காம் நாள் தெரிந்தது. அந்தப் பிள்ளை சொன்னதை இங்கே எழுத மாட்டேன். கேட்டுக்கொண்டேன், பொறுப்பு அக்காவிடம் அன்றே சொன்னேன், மேற்கொண்டு செய்ய வேண்டியதை அவர்கள் செய்தார்கள். மறு வாரம் விமானம் ஏறிவிடப்போகிறவளுக்கு அதற்கு மேல் வேலை இல்லை. அந்தச் சத்தியத்தைச் செய்திருந்தேன் என்றால்?

எங்கள் ஆள் ஒருவரே முதல் நாள் ஒரு படத்தை வெளியிட்டுவிட்டார். பிள்ளையின் முகமும் சட்டையில் பள்ளிப் பெயரும் பளிச்சென்று தெரிந்தன. அதை நீக்கச் சொன்னபோது, "காணிக்கை கொடுத்தவங்க பார்க்கணும்ல?" என்று கேட்டார். காணிக்கை கொடுத்தவர்களுக்குப் பந்தைப் படம் எடுத்து அனுப்பலாம்.

வேதக் கதை நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது சபை நடத்தும் முகாம், நடுவில் 15 நிமிடம் வேதாகமக் கதை உண்டு என்பதைப் பெற்றோருக்கு அந்த ஊர் மொழியிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். சில வீட்டார் அந்த நேரத்தில் பிள்ளையை வேறு பக்கம் உட்கார வைக்கச் சொன்னார்கள், வைத்தோம், விளையாட்டில் அவர்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. எங்கள் குழுவில் ஒருவர், கடைசி நாளில் இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்களைக் கைதூக்கச் சொல்லி, எத்தனை பேர் என்று அறிக்கையில் எழுதலாம் என்றார். பந்து தருகிறவர் கையைத் தூக்கச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளை எதற்கும் தூக்கும். அதை எண்ணிக்கையாக எழுதுவதற்கு எனக்கு மனம் வரவில்லை, எழுதவும் இல்லை.

நாங்கள் செய்த இன்னொரு அபத்தம், ஷூ. நல்லெண்ணத்தில் சேர்த்த 30 ஜோடியை நாங்களாகவே நாலாம் நாள் விநியோகித்தோம். பிள்ளைகள் 80 பேர். பத்து நிமிடத்தில், முந்தின நாள்வரை ஒன்றாக ஆடியவர்கள் கிடைத்தவர், கிடைக்காதவர் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். பொறுப்பு அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். "என்னிடம் கொடுத்திருந்தால் மைதானத்துப் பெட்டியில் வைத்து, ஆட வரும்போது போட்டுக்கொள்ள வைத்திருப்பேன்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பிளவை ஒட்ட வைக்கிற வேலை நாங்கள் போன பிறகு அவர் தலையில்தான் விழுந்தது.

டிக்கெட்டுக்குச் செலவழித்ததை அப்படியே அனுப்பியிருக்கலாமே என்று திரும்பி வந்ததும் சிலர் கேட்டார்கள். ஏறக்குறைய சரியான கேள்வி. அந்தச் சபை வாலிபர்கள் பயிற்சியாளர் வகுப்புக்குப் போக அந்தத் தொகை தாராளமாகக் காணும். ஆனால் நாங்கள் போகாமல் இருந்திருந்தால் அவர்களை எங்களுக்குத் தெரிந்திருக்காது, எதை அனுப்புவது என்றும் தெரிந்திருக்காது. இதை ஒரு தடவை சொல்லலாம். இரண்டாவது தடவையும் 12 பேராகக் கிளம்பினால் அது சாக்கு.

கடைசி நாள் நாங்கள் விசிலைத் தொடவில்லை. கோன் வைத்தது, குழு பிரித்தது, சண்டை தீர்த்தது எல்லாம் அந்த ஊர் வாலிபர்கள்தான். நான் வேலியோரம் உட்கார்ந்து காற்றடித்துக்கொண்டிருந்தேன், ஊசியை நாக்கில் ஈரமாக்கி, நேராகச் செருகி. சாவிக்கொத்துப் பையன் அந்தப் பக்கமாகப் போனவன் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனான்.

ஏழு மாதம் கழித்து அடுத்த விடுமுறைக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம், இந்த முறை அட்டவணை எதுவும் போடாமல். அக்கா மூன்று வரிதான் எழுதியிருந்தார். 3-ஆம் எண் பந்து பத்து. இரண்டு வாலிபர்களுக்குப் பயிற்சிக் கட்டணம். பம்ப் ஊசி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு. ஆள் வேண்டும் என்று எழுதவில்லை. சார் கடைக்குப் போய் 50 ஊசி வாங்கி வந்து, தொலையாமல் இருக்க ஒவ்வொன்றிலும் கயிறு கட்டினார்.